போடாத மூன்று குழிகள்

அத்தியாயம் 9

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சின்னவள் எழுந்து போனாள் அல்லவா, அங்கேதான் போன வாரம் நின்றோம். "பசியில்லை மாமா" என்றாள். கையைக் கழுவினாள். வண்டியை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் விடுதிக்குப் போய்விட்டாள். கீழ் நிலத்தில் அன்று என்ன பார்த்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெயில் களைப்பு என்று நினைத்தான் பெரியவளின் கணவன். பெரியவள் அப்படி நினைக்கவில்லை. தங்கை எப்போது சாப்பிடாமல் எழுந்திருப்பாள் என்பது அவளுக்கு முப்பது வருஷப் பாடம். எதையாவது ஒளிக்கும்போது.

விஷயம் இதுதான். அவர்களுடைய நிலத்துக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது. சுரங்கக் கம்பெனி நிலத்தைக் கேட்கிறது. மண்ணை ஐந்து தரமாகப் பிரிப்பார்கள். முதல் மூன்று தரத்துக்குள் வந்தால் கம்பெனி ஒரு கூடை மண்கூட அள்ள முடியாது. நான்கு, ஐந்து என்றால் தாராளமாகத் தோண்டலாம். மேல் நிலத்துக்குப் பெரியவள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட வரைபடத்தையே கம்பெனி ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாம் தரம். கீழ் நிலத்தை மட்டும் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்றது. அது நாலாம் தரம் என்று வந்தால் சுரங்கத்தின் விளிம்பு சமையலறைக்குப் பின்னால் இருக்கும் கிணற்றைத் தொடும். அதற்கப்புறம் வீடு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

பெரியவளும் மண் ஆய்வாளர்தான். சொந்த நிலம் என்பதால் அலுவலகத்தில் அவளை ஒதுங்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த படிவத்தில் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று எல்லோருக்கும் கட்டம் இருந்தது. நிலத்துக்காரரின் கொழுந்தியாளுக்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் சின்னவள் ஆய்வாளராக உள்ளே வந்தாள். கம்பெனிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கடைசிக் குழி வெட்டும்போது தானும் நிற்பேன் என்றார்.

இன்றைக்கு அந்தக் குழி.

காலையில் பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் கீழ் நிலத்தை நோக்கி நடந்தார்கள். முன்னால் சின்னவள், கையை வீசிக்கொண்டு. பின்னால் கணவன், தோளில் ஆகர். ஆகர் என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்புத் திருகு. நிலத்தில் ஊன்றித் திருகினால் அடிமண்ணைக் கவ்விக்கொண்டு மேலே வரும். நல்ல கனம்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பெரியவளுடைய ஆகரை அவன் ஒரு நாளும் தூக்கியதில்லை.

"டாக்டரம்மா, இன்னிக்காவது நம்ம நோயாளி பிழைப்பானா?" நிலத்தைக் காட்டிக் கேட்ட கணவனின் குரல் ஜன்னல் வரை வந்தது.

"நோயாளி வாயைத் திறந்தாத்தானே மாமா சொல்ல முடியும்."

"உங்க அக்கா எனக்குப் பண்ற வைத்தியமே வாயை மூடுங்கறதுதான்."

சின்னவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பெரியவள் கையில் இருந்த பாத்திரத்தை ஏற்கெனவே இரண்டு முறை கழுவியாகிவிட்டது. மூன்றாவது முறையும் கழுவினாள்.

"மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்தணும்னு யாருக்கும் தோணாதா?" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

"சுவிட்ச் உன் பக்கத்துலதானே இருக்கு" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

சுவிட்சை ஓங்கி அடித்தாள். மோட்டார் என்ன பாவம் செய்தது.

அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. தூரத்தில் சின்னவள் குந்தி உட்கார்ந்து ஆகரில் வந்த மண்ணை வரிசையாகப் பிளாஸ்டிக் தாளில் பரப்பினாள். ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நாடாவாக நசுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது எண் சொல்வாள். களி இத்தனை, மணல் இத்தனை என்று. அடுத்த வாரம் சோதனைச்சாலையிலிருந்து வரும் தாளில் அதே எண் இருக்கும். ஒன்றிரண்டு முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான்.

பெரியவள் கல்லூரியில் முதல் மாணவி. சின்னவள் தட்டுத்தடுமாறித் தேறியவள். ஆனால் மண்ணைத் தொட்டதும் பெரியவளுக்குத் தெரிவது மண் என்பது மட்டும்தான். மீதியை அவள் சோதனைச்சாலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னவளுக்கு விரலே படித்திருந்தது. அந்த விரலை வைத்துக்கொண்டு டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள்.

கணவன் அந்த மண்நாடாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று செய்தான். அது பாதியிலேயே அறுந்தது. சின்னவள் அவன் விரலைப் பிடித்து எப்படி நசுக்க வேண்டும் என்று காட்டினாள்.

பெரியவள் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

பதினொரு மணிக்குச் சின்னவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தண்ணீர் கேட்டாள்.

"உன் மாமா எங்கே?"

"குழி வெட்டிட்டு இருக்கார்."

"அவர் ஏன் வெட்டணும்? ஆள் வெக்கறது."

"நானும் சொன்னேன். என் நிலத்தை நான்தான் வெட்டுவேன்னுட்டார்." சின்னவள் ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு. அந்த மூணு துளையும் நீயே போட்டதா?"

பெரியவள் அடுப்பைக் குறைத்தாள். குறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

"பின்னே யார் போடுவா?"

"பழைய தாள்ல மூணுக்கும் பதிமூணாவதோட எண்ணே இருக்கு. களி இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. மண்ணு அப்படி இருக்காதுக்கா. இரட்டைப் பிள்ளைங்ககூட அப்படி இருக்காது."

நூறு மீட்டருக்கு ஒரு துளை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மீட்டர் ஆழம். ஒன்றுவிடாமல் திருகி, பார்த்து, தாளில் எழுத வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பெரியவள் பதின்மூன்று துளை போட்டிருந்தாள். அப்போது நிலத்துக்காரருடைய மகன் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தான். மண்ணைப் பார்த்தா என்ன தெரியும் என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பம்ப் ஷெட் நிழலில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசினார்கள். அவள் பேசுவதை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொழுது சாய்ந்தபோது தாளில் மூன்று வரி காலியாக இருந்தது. அலுவலக வண்டி ஹாரன் அடித்தது. பதின்மூன்றில் இருந்ததை அப்படியே மூன்று முறை எழுதிவிட்டு ஓடிப்போய் வண்டி ஏறினாள்.

அடுத்த வருஷம் கல்யாணம். அந்த வரைபடத்தைக் கணவன் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினான். வருகிறவர்களிடமெல்லாம், "என் பெண்டாட்டி போட்டது. ஒரு சாண் விடலை" என்பான்.

"எப்போலேர்ந்து உனக்குத் தெரியும்?" என்றாள் பெரியவள்.

"இங்க வர்றதுக்கு முன்னாடியே. பழைய தாளைப் பார்த்த அன்னிக்கே."

"அதுக்குத்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினியா?"

"வேற யாராவது வந்திருந்தா உன் கதி என்ன ஆகியிருக்கும்?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. தங்கை தன்னைக் காட்டிக்கொடுக்க வந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. காப்பாற்ற வந்திருக்கிறாள்.

"மூணு துளையிலயும் முப்பத்தஞ்சு செண்டிமீட்டர்லயே சாம்பல் மண்ணு வந்துடுது. துருப்புள்ளியோட" என்றாள் சின்னவள். "மழைக்காலத்துல தண்ணி அங்கேயே நிக்குது. நாப்பது ஆழத்துக்குள்ளேயே அது தெரிஞ்சா நாலாம் தரம். உனக்குத் தெரியாததா?"

"உன் கை தப்பா இருந்தா?"

"இருக்கட்டுமே. என் கை தப்பா இருந்தா எனக்கும் சந்தோஷம்தான்."

அதுதான் தப்பாக இருக்காதே. இரண்டு பேருக்குமே அது தெரியும்.

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு செண்டிமீட்டர்தான்க்கா வித்தியாசம். வெட்டின மண்ணு குழி ஓரத்துல உதிரியாக் கிடக்கும். டேப்பை அதும்மேல வெச்சு ஆரம்பிச்சா நாப்பதைத் தாண்டிடும். கம்பெனி ஆளு சேத்துல கால் வெக்க மாட்டார். நேத்து பார்த்தியா அவர் ஷூவை? கண்ணாடி மாதிரி வெச்சிருக்கார். நான் சொல்றதைத்தான் எழுதிப்பார்."

"மாட்டினா உன் வேலை போயிடும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"உனக்காகத்தான்." டம்ளரை மேடையில் வைத்தாள். "மாமாவுக்காகவும். பாவம்க்கா அந்த மனுஷன். பூரா நிலத்தையும் தோளிலேயே தூக்கிட்டு அலையறார்."

பெரியவள் குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சின்னவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். அது சம்மதம்தான். வீடு நிற்க வேண்டும் என்று பெரியவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?

ஆனால் 'பாவம்க்கா அந்த மனுஷன்' என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. யாருடைய மனுஷனுக்கு யார் பாவம் பார்ப்பது?

நாலு மணிக்குக் கீழ் நிலத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பெரியவள் பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பதினைந்தாவது துளை இருந்த இடத்தில் குழி. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆழம். சின்னவள் உள்ளே நின்றிருந்தாள். கணவன் மேலே மண்வெட்டியில் சாய்ந்தபடி நின்றான். பத்தடி தள்ளிப் புல் இருந்த திட்டில் கம்பெனிக்காரர், அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நின்றார். ஷூ உண்மையாகவே பளபளத்தது.

"மேடம், நீங்க இங்க வரக்கூடாதே" என்றார்.

"டீ வரலாம் இல்லையா?"

"டீ வரலாம்."

"டீக்குக் கால் கிடையாது. நான்தான் கொண்டு வரணும்."

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார். ஒரு கப் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவளைப் போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சின்னவள் குழிச்சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தம் செய்தாள். மேலே பழுப்பு மண். கீழே சாம்பல், அதில் தெறித்த மாதிரி துருப்புள்ளிகள். பெரியவளுக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

சின்னவள் டேப்பை எடுத்தாள். குழி ஓரத்தில் குவிந்திருந்த உதிரி மண்ணின் மேல் பூஜ்யத்தை வைத்தாள். தொங்கவிட்டாள்.

"நாப்பத்திரண்டு."

"நாப்பத்திரண்டு" என்று கம்பெனிக்காரர் எழுதினார். "அப்போ மூணாம் தரமா?"

"மூணாம் தரம்."

கணவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். இரண்டு வருஷமாகக் கம்பெனியோடு மல்லுக்கட்டியவன். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. குழி ஓரத்தில் மண்டியிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்தான். சின்னவளின் கையைப் பிடித்து விரல் விரலாகச் சேற்றைத் துடைத்தான்.

"கூடத்துல இருக்கற வரைபடத்தை எடுத்துட்டு இந்தக் கையைத்தான் கண்ணாடி போட்டு மாட்டணும்" என்றான். "நீ இல்லேன்னா நாங்க இல்லை, டாக்டரம்மா."

சின்னவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இனி வாழ்நாள் முழுக்க இதுதான் என்று பெரியவளுக்குத் தெரிந்துபோனது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கும்போது, அறுவடையின்போது, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவன் இதைத்தான் சொல்லுவான். உன் தங்கச்சி காப்பாத்திக் கொடுத்தது என்பான். அவளும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு அதே வீட்டில் இருக்க வேண்டும்.

பிளாஸ்கைப் புல்லில் வைத்தாள். வீட்டுச் செருப்போடு குழிக்குள் இறங்கினாள்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் உள்ளங்கையால் குழி ஓரத்து உதிரி மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளினாள். கெட்டித் தரை தெரிந்தது. டேப்பை வாங்கி அதில் வைத்தாள்.

"உதிரி மண்ணு அளவுல சேராது" என்றாள். "முப்பத்தஞ்சு."

கம்பெனிக்காரர் முதல் முறையாகப் புல்திட்டை விட்டு இறங்கினார். ஷூ சேற்றில் புதைந்தது. குனிந்து பார்த்தார்.

"ஆமாம். முப்பத்தஞ்சுதான். அப்போ நாப்பத்திரண்டுன்னு சொன்னது?"

"நான் கவனிக்கலை" என்றாள் சின்னவள். "என் தப்பு."

அவர் புருவத்தைச் சுளித்துக்கொண்டு எழுதியதை அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில் ஏதோ நீளமாக எழுத ஆரம்பித்தார்.

"ஏன்க்கா?" சின்னவளின் குரல் குழியை விட்டு வெளியே போகவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். நல்ல பதில். கேட்கவும் நன்றாக இருந்திருக்கும்.

"உன் கையைத் துடைச்சார்" என்றாள் பெரியவள்.

சின்னவள் அக்காவையே பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. தெரியாத மண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

கணவன் இன்னும் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தான். துண்டு கையில் தொங்கியது. "எனக்கு ஒண்ணும் புரியலை" என்றான். "உங்க அக்கா வரைபடத்துல இந்த இடத்துல அறுபது வரைக்கும் துருவே இல்லைன்னு இருக்கு. இங்க முப்பத்தஞ்சுல நிக்குது. பன்னெண்டு வருஷத்துல மண்ணு மாறிடுமா, டாக்டரம்மா?"

பக்கத்தில் மனைவி நிற்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நிலத்தில் உட்கார்ந்து அவளிடம்தான் மண்ணைப் பற்றிக் கேட்டான். இன்றைக்கும் கேட்கிறான். வேறொருத்தியிடம்.

"சில சமயம் மாறும் மாமா" என்றாள் சின்னவள். "மேல தண்ணி ஓட்டம் மாறினா..."

இன்னொரு முறை காப்பாற்றுகிறாள். வேலை போகிற நேரத்திலும் விடாமல் காப்பாற்றுகிறாள்.

"மாறாது" என்றாள் பெரியவள். "பன்னெண்டு வருஷத்துல இப்படியெல்லாம் மாறாது. அந்த மூணு துளையை நான் போடவே இல்லை. அன்னிக்கு உங்களோட பம்ப் ஷெட்ல உக்காந்திருந்தேன். போட்டதா எழுதிட்டுப் போயிட்டேன்."

கணவனின் முகத்தில் முதலில் வந்தது அந்த மதியத்தின் ஞாபகம். அதை அவள் பார்த்தாள். ஒரு நொடி அந்த முகம் இளகியது. அப்புறம்தான் மீதி அவனுக்கு உறைத்தது.

கம்பெனிக்காரரின் பேனா நின்றது.

"ஒரு நிமிஷம் மேடம். மேல் நிலத்துக்கும் நாங்க உங்க வரைபடத்தைத்தானே ஒத்துக்கிட்டோம்?"

அவர் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வரப்பு வரை நடந்தார். ஷூவைப் பற்றி இப்போது அவருக்குக் கவலை இருக்கிறதாகத் தெரியவில்லை. "நாளைக்குக் காலையில வேற ஆளை அனுப்புங்க" என்று சொல்வது கேட்டது. "ஆமா, முழுசா. மேல, கீழ ரெண்டும்."

சின்னவள் குழிச்சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கணவன் எழுந்தான். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. குழிக்குள் இருந்த மனைவியை மேலிருந்து பார்த்தான். இந்த மூன்று நாளில் அவன் இவ்வளவு நேரம் அவளைப் பார்த்தது இப்போதுதான்.

"மேல எத்தனை?" என்றான்.

"என்ன எத்தனை?"

"மேல் நிலத்துல. எத்தனை துளை போடாம எழுதினே?"

ஒன்றுகூட இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அவளும் அதற்காகத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் மேல் நிலத்தின் பழைய தாள் கண்முன் வரிவரியாக இறங்கியது. தன்னை அறியாமல் அவள் விரல் மடங்கத் தொடங்கியது, ஒன்று, இரண்டு என்று.

அதை அவன் பார்த்துவிட்டான்.